உட்கார்ந்த வேலைக்கான சோறு

அப்பு,

வருகிற வாரம் நீ குஜராத் காற்றாலை வேலைக்கு ரயில் ஏறுகிறாய். பெட்டியில் என்ன வைப்பது, எந்த ஊரில் வண்டி மாறுவது எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். அதில் எனக்குக் கவலை இல்லை. நான் எழுத உட்கார்ந்திருப்பது சாப்பாட்டைப் பற்றி. "இதுக்குப் போயி ஒரு கடுதாசியாம்மா?" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன சித்திரையில் நம் வீட்டில் யாராலும் சிரிக்க முடியவில்லை. இப்போது முடிகிறது. அதனால்தான் எழுதவும் முடிகிறது. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று போனைக் கையில் எடுத்துவிடுவாய். உன்னைப் போல ஏறி இறங்கி, தூக்கிச் சுமந்து பிழைக்கிற பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன்.

உன் அப்பாவிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். நூற்பாலையில் மேற்பார்வை வேலை அவருக்கு. பெரும்பாலும் நாற்காலிதான். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்க மாட்டார். மதியம் தட்டு நிறையச் சோறு, அதற்கு மேல் ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். சர்க்கரை நோய் வந்தது தெரிந்த பிறகும், "உழைக்கிற உடம்புக்குச் சோறு வேணும்டி" என்பார். முதலில் கால்விரல் போனது, பிறகு பாதம் போனது, கடைசியில் அவரே போய்விட்டார். நீ அப்போது டிப்ளமோ கடைசி வருஷம். மருத்துவமனையில் கட்டு மாற்றும்போதெல்லாம் நீதான் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்திருப்பாய். அந்தப் புண்ணின் வாடை போக வேண்டும் என்று வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கை கழுவுவாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது உனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மின்வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலை. ராத்திரி ஷிப்ட், கடைச் சாப்பாடு. லீவுக்கு வரும்போதெல்லாம் உன் சட்டைப் பித்தான் ஒன்று கூடுதலாக இறுகியிருக்கும். ஒருநாள் ஆபீஸில் நடந்த மருத்துவ முகாமில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நீ எனக்குப் போன் பண்ணிப் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, அப்பா மாதிரி ஆயிருவேனாம்மா?" என்று கேட்டாய். ஆக மாட்டாய் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அதன் பிறகுதான் போனில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிற அந்த ஆப்பை ஏற்றிக்கொண்டாய். உயரம், எடை, வயது, என்ன வேலை, எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று அது கேட்டதையெல்லாம் கொடுத்தாய். ஒரு நாளைக்கு இத்தனை கலோரிதான் என்று அது ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. நீ அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. இட்லியை எண்ணினாய், சோற்றைக் கிண்ணத்தில் அளந்தாய், காபிக்குச் சர்க்கரையை விட்டாய். எடை இறங்கியது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரையும் இறங்கியிருந்தது. நான் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். அதுவரை அந்த ஆப் செய்தது நல்லதுதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாற்காலி வேண்டாம், நம் ஊர்ப் பக்கமே வந்துவிடுகிறேன் என்று நீ தொப்பம்பட்டிப் பக்கம் காற்றாலை வேலைக்கு வந்தபோது எனக்கு இரட்டைச் சந்தோஷம். மகன் கூப்பிடு தூரத்தில் இருப்பான், உடம்பும் அசையும். நீ பழனியில் அறை எடுத்துத் தங்கினாய். வாரக் கடைசியில் திண்டுக்கல் வருவாய். முதல் முறை வந்தபோது அந்தக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னாய். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையாக, அழகாக நிற்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் இரும்பு ஏணி ஒன்று உச்சி வரைக்கும் நேராகப் போகும். பழைய காற்றாலைகளில் லிஃப்ட் கிடையாது. இடுப்பிலும் தோளிலும் பெல்ட்டைக் கட்டி, பையில் ஸ்பானர்களைச் சுமந்து, மேலே இருக்கிற இயந்திரக் கூண்டு வரைக்கும் கையாலும் காலாலும் ஏறிப் போக வேண்டும். வெயில் காலத்தில் அந்தக் குழாய்க்குள் அடுப்பு மாதிரி இருக்கும் என்றாய். கேட்கக் கேட்க நான் சிலுவை போட்டுக்கொண்டேன். "பயப்படாதம்மா, கயிறு மாட்டித்தான் ஏறுவோம். எப்பவும் ரெண்டு பேரு சேந்துதான் போவோம்" என்று நீ சமாதானம் சொன்னாய். கூட ஏறுகிறவர் பெயர் கதிர்வேல், பழனிப் பக்கத்துக்காரர், உன்னைவிட மூத்தவர், நல்ல மனுஷன் என்றும் சொன்னாய்.

வேலை மாறியது. ஊர் மாறியது. தட்டு மட்டும் மாறவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் அதே கிண்ணச் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை நான் கறிக்குழம்பு வைத்தால் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு, "போதும்மா, இதுக்கு மேல போனா கணக்குத் தாண்டிரும்" என்பாய். "ஏலே, இம்புட்டுத் தின்னுட்டு எப்பிடிலே அம்புட்டு ஒசரம் ஏறுற?" என்று ஒரு தடவை கேட்டேன். "பழகிருச்சும்மா" என்றாய். எடை இறங்க இறங்க, மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பார்க்கிறவர்கள் எல்லாம், "தம்பி நல்லா மெலிஞ்சு ஹீரோ மாதிரி ஆயிருச்சே" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டில் ஒருவரைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்தவளுக்கு மெலிந்த பிள்ளை ஆரோக்கியமான பிள்ளையாகத்தான் தெரிவான்.

பங்குனி வாக்கில் உன்னிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. வந்ததும் படுத்துவிடுவாய். கிண்டல் பேச்செல்லாம் நின்றுபோனது. ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் குளிருகிறது என்பாய். திண்டுக்கல் வெயிலில் யாருக்காவது குளிருமா? முழங்கையில் பட்ட சின்னச் சிராய்ப்பு வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. கன்னம் உள்ளே போய், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. யாரையாவது விரும்பி அது சரிவரவில்லையோ, குடிப் பழக்கம் ஏதாவது வந்துவிட்டதோ என்றுகூட யோசித்தேன். ஆறாத அந்தச் சிராய்ப்பைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் காலையில், "ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்யா" என்றதற்கு நீ முதல் முறையாக என்னிடம் கத்தினாய். "எனக்குச் சுகர் இல்ல! நான்தான் அளந்து சாப்பிடுறேன்ல!" என்றாய். கத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாய்.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஆனி, ஆடிக் காற்று வருவதற்குள் எல்லா இயந்திரங்களையும் கழற்றிப் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும் என்று உங்களுக்கு வேலை நெருக்கடி. வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு கோபுரம் ஏறுகிற நீங்கள் அந்த நாட்களில் இரண்டு, மூன்று ஏறியிருக்கிறீர்கள். நான் சத்துணவு வேலை பார்க்கிற சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்கம்மா, நான் கதிர்வேல் பேசறனுங்க. பதட்டப்படாதீங்க. தம்பிக்கு ஒண்ணும் இல்லீங்க. மேல வேல செஞ்சுக்கிட்டு இருக்கறப்ப மயக்கம் வந்துருச்சுங்க. கீழ எறக்கிட்டமுங்க. பழனியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கோமுங்க. நீங்க பொறுமையா வாங்க."

பொறுமையாக வருவதாம். கையில் இருந்த கரண்டியை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் செருப்பு மாற்றிப் போட்டு வந்திருப்பது தெரிந்தது. ஒட்டன்சத்திரத்தில் வண்டி நின்றது. தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தபடியே ஜெபமாலை சொன்னேன். விரலில் உருண்ட ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் உன் அப்பாவின் கால் வந்து வந்து நின்றது. சர்க்கரைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். "ஆண்டவரே, சர்க்கரையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆளை மட்டும் விட்டுவிடும்" என்று பேரம் பேசினேன்.

ஆஸ்பத்திரியில் நீ குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கண் மூடிப் படுத்திருந்தாய். கதிர்வேல்தான் நடந்ததைச் சொன்னார். கூண்டுக்குள் நின்று ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது உன் கை நடுங்கியிருக்கிறது. நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. "அண்ணே, கண்ணு இருட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே சரிந்திருக்கிறாய். முதலுதவிப் பெட்டியில் இருந்த உப்பு சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, நினைவு திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக உனக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். பிறகு உன் பெல்ட்டை மீட்புக் கயிற்றில் மாட்டி, கூண்டின் பின்பக்கக் கதவைத் திறந்து, வெளிக்காற்றில் உன்னை மெல்ல மெல்லக் கீழே இறக்கியிருக்கிறார். "பயிற்சியில மூட்டையக் கட்டி எறக்கிப் பழகுனதுங்க. ஆள எறக்குனது இதுதான் மொதல் தடவைங்க" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். ஏணியின் நடுவில் இருக்கும்போது மயக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை குறைவு, அழுத்தமும் குறைவு என்றார் டாக்டர். கூடியிருக்கும் என்று பயந்து வந்தவளுக்குக் குறைவு என்றதும் ஒன்றும் புரியவில்லை. இந்த வயதில் ஏன் இப்படி, எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது என்று எழுதிக் கொடுத்தார். திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தேன். நெஞ்சுக்கு ஒரு படம், இதயத்துக்கு ஒரு ஸ்கேன், தைராய்டு, காசநோய், மூன்று மாதச் சர்க்கரை எல்லாம் பார்த்தோம். முடிவுகள் வரும் வரைக்கும் நம் இருவருக்கும் ஆளுக்கொரு கவலை. உனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி ஏற முடியும். எனக்கோ நீ இனி ஏறாமலே இருந்தால் போதும் என்றிருந்தது. முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. இதயம் நன்றாக இருக்கிறது. நுரையீரல் சுத்தம். சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு ரொம்பக் கீழே. எதிலும் ஒன்றுமில்லை. அந்த "ஒன்றுமில்லை" எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெயர் இல்லாத நோய் என்றால் யாரிடம் போய் நிற்பது?

டாக்டர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையில் இருக்கிற உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மாத்திரைச் சீட்டு, ரிப்போர்ட் எதையும் அவர் கேட்கவில்லை. "சார், நீங்க கோபுரம் ஏறுற ஒரு நாளை எனக்குச் சொல்லுங்க. எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும்" என்றார். நீ சொன்னாய். என்ன சாப்பிட்டாய் என்பதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. எல்லாம் ஆப்பில் இருக்கிறது மேடம் என்று போனை நீட்டினாய். அவர் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"என்ன வேலைன்னு போட்டிருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

நீ குனிந்து பார்த்தாய். நானும் எட்டிப் பார்த்தேன். 'உட்கார்ந்து செய்யும் வேலை' என்று இருந்தது.

"நீங்க கடைசியா எப்ப சார் உக்காந்து வேலை பாத்தீங்க?" என்று அவர் கேட்டார். கேலியே இல்லாமல், மெதுவாகத்தான் கேட்டார். உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஒரு ஆள் நாள் முழுக்கப் பாயில் படுத்தே கிடந்தாலும், மூச்சுக்கும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் ஒரு அளவு சாப்பாடு வேண்டும். உன் எடைக்கும் வயதுக்கும் அது சுமார் ஆயிரத்து ஐநூறு கலோரி. உட்கார்ந்த வேலை என்றால் அதற்கு மேல் கொஞ்சம்தான் கூடும். நடந்து நின்று செய்கிற வேலைக்கு அதில் பாதிக்கு மேல் கூட்ட வேண்டும். வெயிலில் சுமையோடு ஏறி இறங்குகிற வேலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதாவது மூவாயிரத்தை ஒட்டி வரும். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஆயிரத்து நானூறு. எடை குறைப்பதற்காக அன்றைக்குப் போட்ட கழித்தலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. "பாயில படுத்திருக்கிறவருக்கே பத்தாததைச் சாப்பிட்டுட்டு நீங்க கோபுரம் ஏறியிருக்கீங்க சார். உடம்பு தன்னையே எடுத்துச் செலவு பண்ணியிருக்கு. எடுக்க ஒண்ணும் இல்லாதப்போ நின்னுருச்சு" என்றார். காயம் ஆறாததும், குளிரியதும், எரிந்து விழுந்ததும் அதனால்தானாம்.

நான் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "இல்லம்மா, இது வருத்தத்துல இல்ல. என் பிள்ளைக்குப் பசிதான்னு சொல்லிட்டீங்கள்ல, அந்தச் சந்தோசம்" என்றேன். எத்தனை நோய்களின் பெயரை மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்! அத்தனையையும் அடித்துவிட்டு, இந்தப் பெண் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரு அளவு அரிசி, பெரிய வகுப்புப் பிள்ளைக்கு அதில் ஒன்றரை மடங்கு. தினமும் அளந்து போடுவது நான்தான். ஆளுக்குத் தக்க அளவு என்று தெரியும். வேலைக்குத் தக்க அளவும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நோய் இல்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாயே, அதுதான் இந்த முழு விஷயத்தின் வேர். "அம்மா, அவங்க சொல்றது புரியுது. ஆனா தட்டு நெறையச் சோத்தப் பாத்தா எனக்கு அப்பா காலுதாம்மா ஞாபகத்துக்கு வருது" என்றாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் நம்மைப் பார்த்தார். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டு மாற்றும் அறையில் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்த கை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அப்பு, அப்பா உக்காந்த வேலைக்கு ஒழைக்கிறவன் சோத்தச் சாப்டாரு. நீ ஒழைக்கிற வேலைக்கு உக்காந்தவன் சோத்தச் சாப்டுற. ரெண்டும் ஒரே தப்புதாம்லே." நீ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாய். அப்பா செத்தபோதுகூட நீ அப்படி அழவில்லை.

மறு வாரமே அந்தப் பெண்ணிடம் போய் இதையும் சொன்னோம். அவர் உன் பயத்தைச் சிரித்துத் தள்ளவில்லை. குடும்பத்தில் இருக்கிறது, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கொள்ளுங்கள், இனிப்புப் பானங்களை வழக்கமாக்காதீர்கள் என்றார். வேலைக்கு ஏற்றபடி சாப்பிடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உழைக்கிற தசை அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழித்துவிடும் என்றார். நான் சொன்னதைவிட அவர் சொன்னதை உன் மனசு ஏற்றுக்கொண்டது.

சாப்பிடுவது அவ்வளவு லேசாக இல்லை. சுருங்கிப் போன வயிறு. மூன்றாவது இட்லிக்கே முழிப்பாய். அதனால் ஒரேயடியாகக் கூட்டாமல் அவர் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். தேங்காய்ச் சட்னியோடு நிலக்கடலைச் சட்னி, காலையில் ஒரு முட்டை, இடையில் சிறுமலை வாழைப்பழமும் கடலை மிட்டாயும், மதியச் சோற்றில் கெட்டிப் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும், தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம், சாயங்காலம் சுண்டல், படுக்கும் முன் பால். கம்பெனியில் உன்னைக் கொஞ்ச நாள் தரையில் இருக்கிற வேலைகளில் போட்டார்கள். கதிர்வேல் வீட்டிலிருந்து உனக்கும் சேர்த்து டிபன் வரும். அவர் எனக்குப் போன் பண்ணி, "அம்மா, இன்னிக்கு ரெண்டு தோசைய மிச்சம் வெச்சுட்டானுங்க" என்று கோள் சொல்வார். முதல் மாதம் எடை அசையவே இல்லை. பிறகு ஏறியது. சிராய்ப்பு ஆறித் தழும்பானது. ஒரு சனிக்கிழமை வந்து, என் சேலையைப் பார்த்து, "என்னம்மா, தக்காளிச் சந்தைக்குப் போறியா, இம்புட்டுச் செவப்பு?" என்று கேட்டாயே, அன்றைக்குத்தான் என் மகன் வீடு திரும்பினான்.

இனி நீ தனியாகப் போகிற இடத்துக்குச் சில வார்த்தைகள். கணக்கு என்பது ஊகம்தான், அப்பு. அது ஒரு இடத்தைக் காட்டும், அங்கிருந்து நீதான் நடந்து பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பார். ஒரு வாரம் கூடினாலும் குறைந்தாலும் பதறாதே. அடுத்தடுத்த வாரங்களிலும் இறங்கிக்கொண்டே போனால் தட்டில் கொஞ்சம் கூட்டு. இடுப்பு பெருத்துக்கொண்டே போனால் கொஞ்சம் குறை. பசியை மட்டும் நம்பாதே. வெயிலில் கடுமையாக உழைக்கிறபோது பசி மழுங்கிப்போகும் என்று அந்தப் பெண் சொன்னது சத்தியம், நீயே அனுபவித்தாய். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏணியில் கால் வைக்காதே, காலி வயிற்றோடும் வைக்காதே. காற்று பலமாக அடித்து ஏற விடாத நாட்களில், உட்கார்ந்திருக்கிற நாளுக்கு உட்கார்ந்த சாப்பாடு. போன ஆடியில் அதை மறந்து சின்னத் தொப்பை போட்டாயே, அதையும் நாம் சரிசெய்தோம். அங்கே புதுக் கோபுரங்களில் லிஃப்ட் இருக்கிறதாமே. அப்படியானால் இங்கே சாப்பிட்ட அளவு அங்கே கூடிப்போகும். போன முதல் வாரமே கணக்கைத் திரும்பப் போடு. நாளைக்கு உன்னை மேற்பார்வையாளராக்கி நாற்காலி கொடுத்தால், அன்றைக்கும் திரும்பப் போடு. வேலை மாறினால் தட்டும் மாற வேண்டும். உன் அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. கம்பெனி டாக்டர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டு, நீ மறுபடி முதல் தடவை ஏறிய நாளில், வர வேண்டாம் என்று நீ சொல்லியும் நான் வந்தேன். வேலிக்கு வெளியே ஒரு வேப்ப மரத்து நிழலில் நின்றேன். நீயும் கதிர்வேலும் கதவுக்குள் போனீர்கள். அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் குழாயைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே நீ எந்தப் படியில் இருக்கிறாய், மூச்சு வாங்குகிறதா, கை நடுங்குகிறதா, எதுவும் தெரியாது. ரொம்ப நேரம் கழித்து உச்சியில் ஒரு மூடி திறந்தது. மஞ்சள் தலைக்கவசம் ஒன்று வெளியே வந்தது. எறும்பு மாதிரி ஒரு கை ஆடியது. அது நீயா கதிர்வேலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பக்கத்து வயலில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

வேலையை முடித்து இறங்கி வந்தாய். சட்டை முழுக்க வேர்வை, முகத்தில் எண்ணெய்க் கறை, கால் தரையில் உறுதியாக நின்றது. நான் ஓடி வந்து, "எப்பிடியா இருக்கு?" என்றேன். "பசிக்குதும்மா" என்றாய். நாம் மூன்று பேரும் அந்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் தூக்குவாளியைத் திறந்தேன். சோற்றையும் கறிக்குழம்பையும் போடப் போட நீ சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கிண்ணம் இல்லை, எண்ணிக்கை இல்லை, ஒரு கவளத்துக்கும் நீ தயங்கவில்லை. கதிர்வேல், "அம்மா, எனக்கும் கொஞ்சம் வெய்யுங்க, தம்பியே எல்லாத்தையும் தின்னு முடிச்சுருவானாட்ட இருக்குது" என்று சிரித்தார். நீ தலை நிமிராமலே வாளியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதுவரைக்கும் அது எனக்குத் தெரியவே இல்லை. நீ தட்டை வழித்து விரலைச் சப்பி முடித்த பிறகுதான் எனக்குப் பசித்தது.

நல்லபடியாகப் போய் இறங்கு. நன்றாகச் சாப்பிடு.

உன்
அம்மா